மீதி நாலு ரூபாயையும் கொண்டுவரவும்

"அஸ்ஸலாமு அலைக்கும். நோன்புப் பெருநாளுக்கு இன்னும் முப்பத்தாறு நாள். துணியை உடனே கொண்டுவந்தால் இருபதாம் நோன்புக்குள் தைத்துத் தருவோம். இருபதுக்குப் பிறகு கொண்டுவந்தால் அல்லாஹ் நாடினால் தருவோம். போன பெருநாள் கூலியில் மீதி நாலு ரூபாயையும் கொண்டுவரவும்."

இவ்வளவுதான். தபாலட்டையில் இன்னும் மூன்று விரற்கடை இடம் மிச்சமிருக்கும். வாப்பாவுக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

1975 இல் எனக்குப் பதினொரு வயது. புல்மோட்டையில் எங்கள் தையல் கடையின் விளம்பரப் பிரிவு முழுவதும் நான்தான். வாப்பாவின் கை கத்தரிக்கோலுக்குப் பழகிய கை. பேனையைப் பிடித்தால் அதையும் கத்தரிக்கோல் மாதிரியே பிடிப்பார், கடதாசி கிழியும். ஆகவே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். சம்பளம் ஒரு பிளேன்டியும் ஒரு சீனிப் பணிஸும். இந்தக் கதையைப் போன மாதம் என் மருமகனிடம் சொன்னேன். கடையை இப்போது நடத்துகிறவன் அவன்தான்.

"அப்ப நீங்கதான் மாமா நம்மட கடையின்ட மொதல் கன்டென்ட் ரைட்டர்" என்றான்.

ஐம்பது ஆண்டு கழித்துப் பதவி கிடைத்திருக்கிறது. சம்பள நிலுவை பற்றி அவன் வாய் திறக்கவில்லை.

புல்மோட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: திருகோணமலையிலிருந்து கடற்கரையோடு வடக்கே சுமார் 55 கிலோமீற்றர். தெரிந்தவர்களுக்கும் ஒரு புதினம் சொல்கிறேன். திருகோணமலையின் தபாற்குறியீடு 31000. வடக்கே வர வர நிலாவெளி 31010, குச்சவெளி 31014, திரியாய் 31016 என்று ஒழுங்காகப் படியேறி வரும். அடுத்த படியில் புல்மோட்டையைத் தேடினால் அங்கே அது இல்லை. எங்கள் எண் 50567. ஐம்பதில் தொடங்குவது அநுராதபுரத்து எண். நிலம் திருகோணமலை மாவட்டத்தில், விலாசம் அநுராதபுரத்துக் கணக்கில். கடற்கரை வீதியில் யான் ஓயா ஆற்றை மிதவைப் பாதையில் ஏறிக் கடக்க வேண்டியிருந்த காலத்தில், பதவியாப் பக்கமாகக் காட்டு வழியே வருவதுதான் தபால் பைக்கு லேசு. அதனால் முப்பது கிலோமீற்றருக்குள் இருக்கும் குச்சவெளிக்கு நாங்கள் போடும் அட்டை எந்தெந்த ஊரைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேருமோ, அது அட்டைக்குத்தான் வெளிச்சம். பெருநாள் அட்டையை நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்திலேயே தபாலில் போடுவோம்.

இந்த ஊரில் இருந்துகொண்டு வாப்பா விளம்பரம் செய்ய நினைத்ததே ஒரு துணிச்சல்தான். அந்தத் துணிச்சலைத் தந்தது இல்மனைட். 1957 இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் வந்தது. எங்கள் கரையின் கறுத்த மணலைக் கழுவி இல்மனைட்டைப் பிரித்துக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். அந்தக் கறுப்பு வெளிநாடு போய் வெள்ளைப் பூச்சாக மாறும், கடதாசிக்கு வெண்மையாகவும் மாறும். வேலைக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாதம் முடியச் சம்பளம் வாங்குகிறவர்கள். சாரம் மட்டும் உடுத்தவர்கள் நடுவில் நீளக் கழுசான் போட்டவர்கள் நடமாடினார்கள். வாப்பா பெல்பொட்டம் வெட்டப் பழகியது அவர்களுக்காகத்தான்.

துணிக்குத்தான் பஞ்சம். அது இறக்குமதிக்குக் கதவடைத்திருந்த காலம். அரசாங்கத் துணிக்கடையான சலுசலவில் என்ன துணி வந்ததோ அதுதான் ஊரின் நாகரிகம். ஒரு பெருநாளுக்குப் பள்ளிவாசலில் தொழுகைக்கு நின்ற மூன்று வரிசையும் ஒரே நீலக் கோடு போட்ட சேட்டு. எல்லாம் எங்கள் கடைத் தையல். வாப்பா அன்று தொழுகையில் கவனமாக இருந்தாரா, காலரைக் கவனித்தாரா என்று நான் சொல்ல மாட்டேன்.

துணி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால், யார் முதலில் தைத்துக் கொடுக்கிறான் என்பதுதான் போட்டி. அங்கேதான் தபாலட்டை வந்தது. சில சதத்துக்கு ஒரு அட்டை. முத்திரை அதிலேயே அச்சாகியிருக்கும், உறை வேண்டாம், ஒட்டும் வேலையும் இல்லை. அறுபத்து மூன்று பேரின் பெயர் இருந்த ஒரு கணக்குக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் எழுதுவோம். வீட்டு இலக்கம் யாருக்கும் இல்லை. "பெரிய புளியமரத்தடி", "மீன்வாடிக்குப் பக்கத்து வளவு", இப்படித்தான் விலாசம். முக்கால்வாசிப் பேருக்கு அதுவும் இல்லாமல், இன்ன சந்தித் தேத்தண்ணிக்கடை மேற்பார்த்து என்று எழுதுவோம்.

இந்தத் தேத்தண்ணிக்கடைதான் விஷயம்.

கடைக்காரர் அட்டைகளைக் கண்ணாடி அலுமாரியில், வடைத் தட்டுக்கும் கிளாசுக்கும் நடுவில் சாத்தி வைப்பார். ஆள் வந்து எடுப்பதற்குள் இரண்டு நாளாவது ஆகும். அந்த இரண்டு நாளில் எழுத்துத் தெரிந்த எவனாவது எடுத்து, எழுத்துத் தெரியாத எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவான். ஒரு அட்டைக்கு ஒரு விலாசதாரர், இருபது கேள்விகாரர்கள். பெயர் எழுதப்பட்டவன் பிந்தி வருவான். பெயர் எழுதப்படாதவன் துணியோடு முந்தி வருவான்: "எனக்கு ஏன் அட்டை போடல்ல? நான் உங்கட கடையில தச்சதில்லையா?" வாப்பா சிரித்துக்கொண்டு அளவெடுப்பார். இது தற்செயலாக நடந்தது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒரு வருஷம் அட்டையை யார் யாருக்குப் போடாமல் விட வேண்டும் என்று வாப்பா பட்டியல் சொன்னபோதுதான் விளங்கியது.

நாலு ரூபாய் விவகாரம் அவ்வளவு சுமுகமாகப் போகவில்லை. கடனை ஊருக்கே வாசித்துக் காட்டிய ரோசத்தில், குச்சவெளிக்காரர் ஒருவர் காசைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, அடுத்த பத்து வருஷம் வேறு கடையில் தைத்தார். வாப்பா உபாயத்தை மாற்றினார். கடனை எழுத்தில் எழுதக் கூடாது, அட்டையின் மூலையில் புள்ளி வைக்க வேண்டும். ஒரு புள்ளி ஒரு ரூபாய், வாங்கியவனுக்கு மட்டும் விளங்கும். ஒரு கிழமை போகவில்லை. தேத்தண்ணிக்கடையில் அட்டையை எடுத்ததும் முதலில் புள்ளியைத்தான் எண்ணினார்கள். "இவருக்கு ஒம்பது புள்ளிடா!"

எதிர்த்திசையிலும் அட்டை வரும். கழுசானின் ஒரு கால் மற்றதைவிட நீளம் என்று ஒருவர் எங்களுக்குத் தபாலட்டையில் எழுதிப் போட்டார். அதுவும் அதே கண்ணாடி அலுமாரியில் இரண்டு நாள் நின்றுவிட்டுத்தான் எங்களிடம் வந்தது. வாப்பா பதிலையும் அட்டையிலேயே எழுதச் சொன்னார்: "கழுசானை அளந்து பார்த்தோம். சரியாக இருக்கிறது. காலை அளந்து பார்க்கவும்." இன்று மருமகன் ஒற்றை நட்சத்திர மதிப்பீடு விழுந்தால் இரண்டு நாள் சோறு தின்னாமல் இருக்கிறான். கைப்பேசியில் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு எழுதுகிறான்.

தபாலட்டைக்கு ஒரு தகப்பன் இருக்கிறார் என்று பிற்காலத்தில் படித்தேன். எமானுவேல் ஹெர்மான், ஆஸ்திரியப் பொருளியல் அறிஞர். இரண்டு வரி சொல்ல முழுக் கடிதமும் உறையும் எதற்கு என்று 1869 இல் வியன்னாப் பத்திரிகையில் கேட்டார். அந்த வருஷமே ஒக்டோபர் 1 இல் ஆஸ்திரிய-ஹங்கேரி அட்டையை விற்பனைக்கு விட்டது. மறு வருஷம் அதே தேதியில் பிரித்தானியா. 1872 இல் இலங்கைக்கே வந்துவிட்டது. இந்தியாவுக்குக் கிடைத்தது 1879 இல். நாம் ஏழு வருஷம் மூத்தவர்கள், இதையாவது சொல்லிக்கொள்வோம். வேலைக்காரர்கள் வாசித்துவிடுவார்களே என்பதுதான் ஐரோப்பாவில் பெரிய மனிதர்களின் கவலையாக இருந்ததாம். வாசிக்காமல் விட்டுவிடுவார்களோ என்பது வாப்பாவின் கவலை.

அட்டையில் விளம்பரம் போடலாம் என்று அரசாங்கங்களுக்கும் பிந்தித்தான் உறைத்தது. இந்தியத் தபால் துறை 2002 இல் மேகதூத் என்று ஒரு அட்டையை விட்டது. விலாசப் பக்கத்தின் பாதியில் விளம்பரம், அதனால் ஐம்பது காசு அட்டை இருபத்தைந்து காசுக்கு. எழுதுகிறவனுக்குப் பாதி விலை, விளம்பரக்காரனுக்கு ஊரெல்லாம் பெயர். நல்ல ஏற்பாடு. எங்கள் சந்திக் கடைக்காரர் எந்தக் கழிவும் கேட்காமல் செய்த வேலை அது.

கொப்பியில் இருந்த அறுபத்து மூன்றில் பதினொருவர் இல்மனைட் தொழிற்சாலையின் சிங்கள ஊழியர்கள். அவர்களுக்குச் சித்திரைப் புத்தாண்டுக்கு அட்டை போக வேண்டும். எனக்குச் சிங்களம் தெரியாது. ஒரு ஊழியர் மாதிரி ஒன்று எழுதித் தந்தார், அதைப் பார்த்து நான் வரைந்தேன். எழுதவில்லை, வரைந்தேன். எங்கோ ஒரு சுழி பிசகிவிட்டது. அட்டை கிடைத்த பதினொரு பேரும் சிரித்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். நான் எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை, வாப்பாவின் முன்னால் சொல்லக்கூடியதாக இருந்திருக்காது. ஆனால் பதினொரு பேரும் தைக்கக் கொடுத்தார்கள். அந்த வருஷம்தான் எங்கள் விளம்பரம் நூற்றுக்கு நூறு பலித்தது.

வாப்பாவுக்கு ஒரு பேராசை இருந்தது. வானொலி. அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்பதென்றால் தபாலட்டை போட வேண்டும். அறிவிப்பாளர் பாட்டுக்கு முன்னால் ஊரையும் பெயர்களையும் வாசிப்பார். கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் கேட்பார்கள். காசு கட்டினால் விளம்பரம், அட்டை போட்டால் நேயர் விருப்பம். வாப்பா இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்தார். பாட்டு விரும்பிக் கேட்பவர்கள் என்ற இடத்தில் வாப்பா, உம்மா, சாச்சா, நான், கடைசியாகக் கடையின் பெயர். ஏழு அட்டை போட்டோம். எட்டாவது அட்டைக்குப் பாட்டு வந்தது. வீடே வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்றது. புல்மோட்டை என்றார்கள், வாப்பாவின் பெயரைச் சொன்னார்கள், என் பெயரையும் சொன்னார்கள். கடையின் பெயர் வருகிற நேரத்தில் பாட்டு வந்துவிட்டது.

பிறகு யுத்தம் வந்தது, வானொலி எங்கள் ஊரின் பெயரைத் தானாகவே சொல்லத் தொடங்கியது. 1997 செப்டம்பர் 9 இல் இல்மனைட் ஏற்ற வந்த கோர்டியாலிட்டி என்ற கப்பல் எங்கள் கரைக்கு முன்னால் தாக்கப்பட்டபோது சொன்னது. 2009 இல் முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயப்பட்டவர்களைக் கப்பலில் கொண்டுவந்து புல்மோட்டையில் இறக்கியபோதும், மார்ச் மாதம் இந்திய மருத்துவக் குழு வந்து இங்கே ஆஸ்பத்திரி போட்டபோதும், நாளுக்கு மூன்று தடவை சொன்னது. யாரும் அட்டை போட்டுக் கேட்கவில்லை.

நாங்கள் அட்டை போடுவதை விட்டதற்கு யுத்தம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். 1977 க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது, ரெடிமேட் சேட்டு வந்தது. சட்டை வாங்க ஆள் அளவு தேவையில்லை, எண் போதும் என்று ஆயிற்று. நாற்பது, நாற்பத்திரண்டு. வாப்பா அந்த எண்களைக் கேட்டால் மருந்து குடித்த முகத்தோடு திரும்பிக்கொள்வார். கடை பாடசாலைச் சீருடைக்கும் ஓரம் மடிப்புக்கும் இறங்கியது. சீருடைக்கு விளம்பரம் எதற்கு? பாடசாலை திறந்தால் வரத்தானே வேண்டும்.

இப்போது மருமகனின் காலம். ஆறுகளுக்குப் பாலம் வந்துவிட்டது, திருகோணமலைக்கு ஒன்றேகால் மணித்தியாலத்தில் போகலாம், அதனால் ஊர்ச்சனம் துணிக்கும் தையலுக்கும் திருகோணமலைக்கே போகிறது. வாப்பாவின் காலத்தில் பாலம் இல்லாததுதான் எங்கள் பெரிய முதலீடு என்பது பாலம் வந்த பிறகு தெரிந்தது. மருமகன் சளைக்கவில்லை. பேஸ்புக்கில் கடைக்குப் பக்கம், வட்ஸ்அப்பில் தினம் ஒரு ஸ்டேட்டஸ். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் காசு கட்டி ஒரு விளம்பரம் விட்டான். பதினெட்டு வயதிலிருந்து முப்பத்தைந்துக்குள், ஆண்கள், இத்தனை கிலோமீற்றருக்குள் என்று ஆளை அளந்து பிடிக்கலாமாம். நாலாயிரத்து எண்ணூறு பேர் பார்த்ததாகக் கைப்பேசி சொன்னது. அளவெடுக்க வந்தது இரண்டு பேர். அதில் ஒருவன் சார்ஜர் கேட்டு வந்தவன்.

"மத்தவனுகள் எங்க மகன்?"

"பாத்திருக்கானுகள் மாமா. லைக்கும் போட்டிருக்கானுகள். கட்டார்ல இருக்கிற மச்சான் ஹார்ட் போட்டிருக்கான்."

கட்டாரில் இருக்கிற மச்சான் அங்கே ரெடிமேட் உடுப்புக் கடையில்தான் வேலை பார்க்கிறான்.

பக்கத்து வீட்டுக்காரனிடம் நான் கேட்டுப் பார்த்தேன். அவனுக்கும் விளம்பரம் வந்திருக்கிறது, அவன் தம்பிக்கும் வந்திருக்கிறது. ஒரே பாயில் படுத்துக் கிடந்து இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள். ஒருவனுக்கு வந்தது மற்றவனுக்குத் தெரியாது. "எனக்கு ஏன் வரல்ல" என்று கடைக்கு வந்து சண்டை பிடிக்க ஒருத்தனும் இல்லை.

பிறகுதான் வேடிக்கை. அமெரிக்காவில் சின்னக் கடைக்காரர்கள் மறுபடியும் தபாலட்டைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று மருமகன் யூடியூப்பில் பார்த்துவிட்டான். அங்கே தபால் சேவை 2011 இலிருந்து ஒரு வசதி செய்து கொடுக்கிறது. பெயரும் வேண்டாம், விலாசமும் வேண்டாம், தபால்காரர் போகிற பாதையிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் உங்கள் அட்டை போய்விடும். "புது ஐடியா மாமா" என்றான். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன், குடித்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்நூறு அட்டை திருகோணமலையில் அச்சாகி வந்தது. வழுவழுவென்று முகம் பார்க்கலாம் போன்ற வெள்ளை. அந்த வெள்ளையில் எங்கள் கறுத்த மணலும் இருக்கலாம், இருந்தால் நல்ல விலைக்குத்தான் திரும்பி வந்திருக்கிறது. படத்தில் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரன். புல்மோட்டை வெயிலில் கோட்டுப் போட்டவனை நான் என் கல்யாணத்தில்தான் பார்த்தேன், அது நான்தான். விலாசம் எழுதப் போனால் பேனை வழுக்கியது. எழுதுகிற பேனையைக் கண்டுபிடித்த பிறகு, எழுத விலாசம் இல்லை என்பது தெரிந்தது. மருமகனின் கைப்பேசியில் ஆயிரத்து நூறு இலக்கம் இருக்கிறது. ஒருவனின் வீடு எந்த ஒழுங்கையில் என்று கேட்டால் "லொகேஷன் அனுப்புவான்" என்கிறான். முத்திரைக் கணக்கு அடுத்த இடி. பதினைந்து ரூபாயாக இருந்த சாதாரணக் கடிதக் கட்டணம் 2022 ஆகஸ்ட் 15 இலிருந்து ஐம்பது. கடைசியில் மோட்டார் சைக்கிளில் அவனே கடை கடையாகக் கொண்டுபோய் வைத்தான். பழைய சந்தியில் இப்போது பேரன் நடத்தும் தேத்தண்ணிக்கடையிலும் ஒரு கட்டு. இரண்டு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தேன், அப்படியே இருந்தது. "வடை வைக்கவும் உதவாது காக்கா, எண்ணெய் உறிஞ்சுதில்ல" என்றான் பேரன்.

சிரித்துவிட்டேன். சிரித்த குற்றத்துக்கு வேலை வந்தது. "நீங்க எழுதுங்க மாமா, பழைய மாதிரி."

வாப்பாவின் பெட்டகத்தைத் திறந்து கொப்பியை எடுத்தேன். அறுபத்து மூன்று பெயர். மௌத்தானவர்களுக்குக் கோடு போட்டுக்கொண்டு வந்தேன், பாதிக் கொப்பி கோடாயிற்று. கொழும்புக்கும் கடல் தாண்டியும் போனவர்கள் போக மிஞ்சியது பதினாலு பேர். தபால் கந்தோரில் போய்ச் சாதா அட்டை வாங்கிப் பதினாலு பேருக்கும் என் கையால் எழுதினேன். நாலு ரூபாய் வரியை விடவில்லை, பழக்கதோஷம். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அட்டையைக் காட்டிவிட்டுப் போக மட்டும் வந்தார். ஒருவர் பேரனுக்குத் தைக்கக் கொடுத்தார். மூன்றாமவர் நாலு ரூபாயைக் கொண்டுவந்தார்: நாற்பத்தொன்பது வருஷம் முந்திய கடன் என்று சத்தியம் செய்து, இரண்டு ரூபாய்க் குற்றி இரண்டு. மருமகன் அதைப் படம் பிடித்துப் போட்டான். கடையின் பக்கத்தில் இன்றுவரை அதிகம் பேர் பார்த்த படம் அதுதான். தைக்க ஒருவரும் வரவில்லை.

பெட்டகத்தில் கொப்பிக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. கடதாசியில் சுற்றிய ஒரு வெள்ளைச் சேட்டும், அதோடு குத்தி வைத்த ஒரு தபாலட்டையும். அட்டையில் என் எழுத்து, இருபது வயது எழுத்து: தைப்பொங்கலுக்கு முன் வந்து எடுத்துக்கொள்ளவும். விலாசம் தென்னமரவடி, எங்களுக்குப் பக்கத்துத் தமிழ்க் கிராமம். மேலே சிவப்பு மையில், விலாசதாரர் இல்லை. 1984 டிசம்பரில் தென்னமரவடிச் சனம் ஊரை விட்டு ஓட வேண்டி வந்தது, அதே மாதம் கொக்கிளாய்ப் பக்கச் சனமும் போனது. எட்டு மாதம் சுற்றிவிட்டு இந்த அட்டை எங்களிடமே திரும்பி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. வாப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதும், கொப்பியில் அந்தப் பெயருக்குக் கோடு போட வேண்டாம் என்று சொன்னதும் நினைவிருக்கிறது. யுத்தம் முடிந்து சில குடும்பங்கள் தென்னமரவடிக்குத் திரும்பியபோது நான் இரண்டு தடவை போய்க் கேட்டேன். அந்தப் பெயரில் திரும்பி வந்தவர் யாரும் இல்லை.

ஆகையால் இதை வாசிக்கிறவர்களுக்கு: 1984 கார்த்திகையில் புல்மோட்டையில் வெள்ளைச் சேட்டுக்குத் துணி கொடுத்து, கழுத்துப் பதினைந்தரை, முழுக்கை, இடப்பக்கம் ஒரு பொக்கற் என்று சொல்லிவிட்டுப் போன தென்னமரவடிக்காரர் எங்கேனும் இருந்தால், அவரோ அவருடைய பிள்ளைகளோ கடைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும். கூலி அன்றைக்கே முழுதாகக் கட்டியாயிற்று. மீதி ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.